பேனா கூடாது, பென்சில் மட்டும்

தம்பி கான்வகேஷனுக்குத்தான் ஸ்காட்லாந்துல இருக்குற எடின்பரோ போனோம். அம்மா அப்பாவுக்கு கோட்டையப் பாக்கணும், தம்பிக்கு ஃபிரெண்ட்ஸோட சுத்தணும், எனக்கு 400 வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன ஒரு அம்மாவப் பாக்கணும். எஸ்தர் இங்லிஸ். உள்ளங்கைக்குள்ள அடங்குற கையெழுத்துப் புத்தகமா பண்ணித் தள்ளுனவங்க, சுமார் 60 புத்தகம் இன்னைக்கும் உலகத்துல அங்கங்க இருக்கு.

மொத நாளே தம்பிய இழுத்துக்கிட்டு குயின் ஸ்ட்ரீட்ல இருக்குற போர்ட்ரெய்ட் கேலரிக்கு போயிட்டேன். 1595ல வரைஞ்ச ஆயில் பெயிண்டிங், யாரு வரைஞ்சாங்கன்னு பேர் கிடையாது. ஒசரமான கறுப்புத் தொப்பி, கையில சின்னதா ஒரு புக்கு. "யாருக்கா இது, ராணியா?"ன்னான். இல்லடா, வாத்தியார் பொண்ணுன்னேன்.

நிஜமாவே வாத்தியார் பொண்ணுதான். ஃபிரான்ஸ்ல புராட்டஸ்டன்ட்காரங்கள வெட்டிட்டிருந்த காலத்துல தப்பிச்சு வந்த குடும்பம். அப்பா நிக்கோலா லாங்லுவா எடின்பரோவுல ஃபிரெஞ்சு பள்ளிக்கூடம் நடத்துனாரு, எழுத்து சொல்லிக்குடுத்தது அம்மா மரி பிரெசோ. லாங்லுவான்னா ஃபிரெஞ்சுல இங்கிலீஷ்காரன்னு அர்த்தமாம், அதையே ஸ்காட்லாந்து பேச்சுக்கு மாத்துனா இங்லிஸ். ஆக ஃபிரெஞ்சுப் பொண்ணு, இருந்தது ஸ்காட்லாந்துல, பேரு இங்கிலீஷ்காரி. எந்த ஃபார்ம்லயும் இவங்கள ஒழுங்கா ஃபில் பண்ண முடியாது போல.

மறுநாள் யுனிவர்சிட்டி லைப்ரரி. முன்கூட்டியே மெயில் போட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருந்தேன். பை லாக்கர்ல, தண்ணி பாட்டில் லாக்கர்ல, பேனாவும் லாக்கர்ல, பென்சில் மட்டும்தான் உள்ள போகலாம், பேனாவாலயே வாழ்ந்த அம்மாவப் பாக்க பேனா இல்லாம போறோமேன்னு எனக்கு சிரிப்பு. ஸ்பாஞ்சுத் திண்டு ஒண்ணு வச்சு அதுமேல புக்க வச்சாங்க, பக்கம் மூடிக்காம இருக்க துணிக்குள்ள ஈயக்குண்டு தச்ச ஒரு நீளக் கயிறு. அவ்ளோ பெரிய திண்டுல அந்த புக்கு, இலையில வச்ச ஒத்த அப்பளம் மாதிரி கிடந்துச்சு.

மொதல்ல அச்சடிச்ச புக்குன்னே நெனச்சேன். அதுதான் விஷயமே. அச்சு வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆன காலம், யாரும் கையால எழுத வேண்டிய அவசியமே இல்ல, இந்தம்மா என்ன பண்ணுனாங்கன்னா அச்செழுத்த அப்படியே கையால எழுதிக் காட்டுனாங்க. நேரெழுத்து, சாய்வெழுத்து, முதல் பக்கத்து அலங்காரம் எல்லாமே. ரொம்ப சின்ன புக்குங்கள்ல ஒரு எழுத்து ஒரு மில்லிமீட்டர் கூட வராது. குனிஞ்சு மூக்கு உரசுற தூரத்துல பாத்தா அப்பதான் ஒரு வளைவுல மை கொஞ்சம் கட்டியா நின்னிருக்கு, அடுத்த எழுத்துல மெலிஞ்சு போகுது. ஓ, இது கை. எனக்கு புல்லரிச்சது அங்கதான்.

கண்ணாடில பாத்தா மட்டும் நேரா தெரியுற எழுத்துகூட எழுதியிருக்காங்க. 1599ல பைபிள்ல வர்ற சாலமோன் நீதிமொழிகள ஃபிரெஞ்சுல எழுதுனாங்க, அதிகாரத்துக்கு அதிகாரம் எழுத்து ஸ்டைல் மாறும் (அது இப்ப ஆக்ஸ்ஃபோர்ட் போட்லியன் லைப்ரரில இருக்கு, அடுத்த டிரிப்).

இதையெல்லாம் பக்தின்னு சொல்லிடுவாங்க. எனக்கு அப்படி மட்டும் தோணல, இது வேலை. பைபிள்ல வர்ற சங்கீதம், நீதிமொழின்னு எழுதி, சிலதுக்கு வெல்வெட் அட்டை போட்டு பொடி முத்து வச்சுத் தச்சு, பெரிய மனுஷங்களுக்கு, நிறைய நேரம் புத்தாண்டுப் பரிசா அனுப்புறது, அவங்க பாத்து ஏதாவது குடுத்தா உண்டு. புருஷன் பார்தலோமியோ கெல்லோ புக்க எடுத்துக்கிட்டு லண்டனுக்கு போவாரு. நான் பாத்தவரைக்கும் இவங்களோட ராசியே சரியில்ல. அந்த நீதிமொழிகள எசெக்ஸ் பிரபுவுக்கு குடுத்தாங்க, அவரு அதே வருஷம் இங்கிலாந்து எலிசபெத் ராணி கோவத்துக்கு ஆளாகி 1601ல தலையே போச்சு. ராணிக்கும் குடுத்தாங்க, 1603ல ராணி போயாச்சு. அடுத்து வந்த ஜேம்ஸ் ராஜாவோட மகன் இளவரசர் ஹென்றிக்கு ஒண்ணுக்கு மேலயே பண்ணுனாங்க, பதினெட்டு வயசுல 1612ல அவரும் போயிட்டாரு.

ஆனா பேர விடல. பேர் போடாம ஒதுங்கிக்கிற பொம்பளைங்க இருந்த காலத்துல, சுமார் ரெண்டு டஜன் புக்குல தன் படத்தையே வரைஞ்சு வச்சிருக்காங்க, மேஜை முன்னாடி, கையில இறகுப் பேனா, எதிர்ல தாளு. அந்த தாள்ல ஃபிரெஞ்சுல, "நல்லது கடவுள்கிட்டருந்து, கெட்டதோ ஒண்ணுமில்லாததோ என்கிட்டருந்து"ன்னு. வாசகத்துல தன்னடக்கம், படத்துல நான்தான்டா!

கடைசி நாள் டிராம் ஏறி எடின்பரோ துறைமுகப் பக்கம் இருக்குற லீத் போனேன், அங்கதான் 1624 ஆகஸ்ட் 30ல செத்தாங்க, கடனோட. பாக்கறதுக்கு குறிப்பா ஒண்ணும் இல்ல, தூறல் வேற. ஒரு கடையில ஒதுங்கி சிப்ஸ் தின்னுக்கிட்டே டிராம் டிக்கெட் பின்னாடி லைப்ரரி பென்சிலால ஒரு மில்லிமீட்டர்ல "தமிழ்"னு எழுதிப் பாத்தேன். த வந்துச்சு, மி வந்துச்சு. ழ் வெறும் கறுப்புப் புள்ளி.