எந்த ஊர் வரவில்லை?

ஆத்தங்குடியில் சித்தப்பாவுக்குத் தரைக்கல் பட்டறை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றிக் கையாலேயே வார்க்கிற பூக்கல்; சூளை கிடையாது. ஊர்ப் பெயரை அடித்தால் அந்த ஊர் ஆர்டர்கள் வந்து நிற்கிற மாதிரி பைத்தான் என்ற கணினி மொழியில் அவருக்கு ஒரு புரோகிராம் எழுதினேன். பாதிப் பட்டியல் நோட்டைப் பார்த்து நான் அடித்தது. மீதி, முன்பு டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் அடித்து வைத்த கோப்பு. அதைக் கன்வெர்ட்டரில் போட்டு, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடாக மாற்றியிருந்தேன்.

ஓட்டிப் பார்த்தால் நோட்டில் இருந்ததைவிடக் குறைவான ஆர்டர்களே வந்தன. மூன்று நாள் மல்லுக்கட்டிவிட்டு, காரைக்குடியில் இருக்கும் பெரியப்பா மகனுக்கு எழுதினேன்: "பைத்தானில் தமிழ்த் தேடல் சரியா வேலை செய்ய என்ன பண்ணணும் அண்ணே?" கூடவே 400 வரி புரோகிராமையும் அப்படியே அனுப்பினேன்.

பதில் ஒரே வரி. "எந்த ஊருடா வரலை?"

சுருக்கென்று இருந்தது. ஆனால் அதற்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. எழுத்துருவா, கோப்பா, தேடும் முறையா என்று எதையும் பிரிக்காமல் மொத்தத்தையும் அவர் தலையில் இறக்கியிருக்கிறேன். அவரால் எங்கிருந்து தொடங்க முடியும்?

உட்கார்ந்து ஒவ்வொரு ஊராக அடித்தேன். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், கண்டனூர் எல்லாம் நோட்டோடு ஒத்துப்போயின. கோட்டையூரில் 9 வர வேண்டிய இடத்தில் 3. தேவகோட்டையும் கொத்தமங்கலமும் அதே கதை. தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: இடித்த மூன்று பெயரிலும் 'கொ' அல்லது 'கோ' இருந்தது. விடுபட்ட வரிகள் எல்லாமே டிடிபி கோப்பில் இருந்தவை.

400 வரியை ஓரங்கட்டிவிட்டுப் புதுக் கோப்பு திறந்தேன். நான் அடித்த கோட்டையூர் ஒன்று, பழைய கோப்பின் கோட்டையூர் ஒன்று. இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்றது. நீளம் கேட்டேன்; பைத்தான் உயிர்க்குறி, புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். ஒன்றுக்கு 10, மற்றதற்கு 11. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இப்போது கேள்வி மூன்று வரியில் அடங்கியது: "பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு 'கோட்டையூர்' சமமில்லைன்னு வருது. நீளம் 10, 11. ஏன் அண்ணே?"

ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டார். யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஒகரம், ஔகாரக் குறிகளுக்கும் இதே நிலைதான். பைத்தானோடு கூடவே வரும் 'யூனிகோட்டேட்டா' மாட்யூலில், எழுத்துகளை ஒரே சீராக்கும் 'நார்மலைஸ்' என்ற கட்டளை இருக்கிறது. அதில், பிரிந்த குறிகளைச் சேர்க்கும் 'என்எஃப்சி' முறையைக் கொடுத்தால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும் என்றார்.

பட்டியலைப் படிக்கும் இடத்தில் ஒரு வரி, தேடும் சொல்லை வாங்கும் இடத்தில் ஒரு வரி சேர்த்தேன். கோட்டையூர் என்று அடித்ததும் ஒன்பதும் வந்தன. சித்தப்பா பக்கத்தில் நின்று, நோட்டில் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்தார்.