வக்கீல் மீது புகார்: மனுவில் இருக்கவேண்டியது

“வக்கீல் ஏமாத்திட்டார்” என்று ஆறு பக்கம் கொட்டித் தீர்த்த மனுவைவிட, எந்தத் தேதியில் எவ்வளவு, எதற்காகக் கொடுத்தது என்று அரைப் பக்கத்தில் சொல்லும் மனுவுக்குத்தான் பலம். பாரிமுனையில் இறங்கி, உயர்நீதிமன்ற வளாகத்தில், வக்கீல்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் பார் கவுன்சிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வகை மனுவோடுதான் வருகிறார்கள்.

கன்டெய்னர் லாரி ஓடும் வடசென்னையில் விபத்து இழப்பீட்டு வழக்குக்குப் பஞ்சமில்லை. “நூத்துக்கு இவ்ளோ” என்று ஆஸ்பத்திரி வார்டிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். வழக்கில் வரும் தொகையில் வக்கீல் பங்கு பேசுவதே விதிமீறல். அது கட்சிக்காரருக்குத் தெரிவதில்லை. பணம் இன்று அவருடைய வங்கிக் கணக்குக்கே வந்தாலும், முன்கூட்டியே கையெழுத்து வாங்கிய வெற்றுக் காசோலை வக்கீல் கையில் இருந்தால் போதும், கதை முடிந்தது. வாங்கும் பணத்துக்குக் கணக்கு வைப்பதும், ஃபீஸ் எவ்வளவு, செலவுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுவதும் வக்கீலின் கடமை. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டில் தொகை மட்டும் இருக்கும், காரணம் இருக்காது. அனுப்பும்போதே ‘கோர்ட் ஃபீஸ்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால், பின்னால் அதுவே சாட்சி.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். கையெழுத்துக்குக் கீழே, சொன்னவை உண்மை என்ற உறுதிமொழி இடம், தேதியோடு வேண்டும். வக்கீலின் பதிவு எண் வக்காலத்து முத்திரையில் கிடைக்கும். வாய்தாவுக்கு வராமல் வழக்கு எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்சம்) ஆனது என்றால், வழக்கின் அடையாளமான 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டு அன்றைய உத்தரவை எடுத்து இணைக்கவேண்டும். வழக்கில் தோற்றது மட்டும் புகாராகாது. வெறும் கவனக்குறைவும் பெரும்பாலும் நிற்காது.

ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்துவைப்பது இன்னொரு தீராத தலைவலி. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000இலேயே உச்ச நீதிமன்றம் அப்படிப் பிடித்துவைக்க உரிமையில்லை என்றுவிட்டது. பழைய வக்கீல் ‘ஆட்சேபணை இல்லை’ எழுதித் தராவிட்டால் நீதிமன்ற அனுமதியோடு புதியவர் வக்காலத்து போடலாம். அதற்காகப் பார் கவுன்சில் முடிவுக்குக் காத்திருந்தால் வழக்குதான் கெடும்.

1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை போடலாம், பெயரையே நீக்கலாம். தொலைந்த பணத்தை வசூலித்துக் கொடுப்பது அதன் வேலையல்ல. அதற்கு சிவில் வழக்கோ போலீஸ் புகாரோதான் வழி. நுகர்வோர் நீதிமன்றக் கதவையும் உச்ச நீதிமன்றத்தின் 2024 மே 14 தீர்ப்பு மூடிவிட்டது. ஓராண்டில் விசாரணை முடியாவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். மாநிலக் குழுவின் உத்தரவில் குறையிருந்தால் அங்கே அப்பீல் போக 60 நாள்.

புகாரைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு, “சமாதானமாயிட்டோம், வாபஸ்” என்று கடிதம் கொடுப்பவர்களும் உண்டு. சமாதானம் ஆனது என்பதற்காக மட்டும் நடவடிக்கையைக் கைவிடக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. கடிதம் கொடுத்த பிறகும் குழு விசாரணையைத் தொடரலாம்.