வெடிக்காத தோட்டாவும் வெட்டிய ஸ்பிரிங்கும்

மார்ச் 2

என் ரைஃபிளில் இன்றும் அதே கதைதான். டிரிகரை அழுத்தினேன், 'டிக்' என்று சத்தம் மட்டும் வந்தது. குழல்முனையை இலக்கை விட்டு நகர்த்தாமல் 30 விநாடி காத்திருந்து, அதன் பிறகே போல்ட்டை (தோட்டாவுக்குப் பின்னால் குழலை அடைக்கும் பூட்டு) திறந்தேன். தாமதமாக வெடிக்கும் தோட்டா அபூர்வம். ஆனாலும் போல்ட் திறந்திருக்கும் நேரம் பார்த்து அது வெடித்தால் முகம் போய்விடும்.

வெடிக்காத தோட்டாவை அரைவட்டம் திருப்பிப் போட்டதும் வெடித்துவிட்டது. நான் போடும் .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) என்ற சிறு தோட்டாவில், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தனியாகக் கிடையாது. ஈரமான வெடிக்கலவையை உறைக்குள் இட்டுச் சுழற்றி, அடிவிளிம்பின் மடிப்புக்குள் ஒதுக்குகிறார்கள். சுற்றிலும் சமமாகப் பரவாவிட்டால், கலவை இல்லாத இடத்தில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) விழுந்து பயனில்லை. அதனால் தோட்டாவின் மேல் பழிபோடுவது சுலபம். ஆனால் வேறு வேறு கம்பெனித் தோட்டாக்களிலும் இதே தொல்லை வருகிறதே?

மார்ச் 3

உறைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வெடித்தவற்றில் பின் பதிந்த செவ்வகக் குழி ஆழமாக இருக்கிறது. வெடிக்காதவற்றில் கீறல் மாதிரி ஒரு தடம், அவ்வளவே. குறை துப்பாக்கியில்தான்.

மார்ச் 8

மேகஸினைக் கழற்றி, சேம்பர் (சுடும்போது தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொண்டேன். தோட்டாக்களை அடுத்த அறையில் வைத்துவிட்டுத்தான் போல்ட்டைப் பிரித்தேன். ஃபயரிங் பின் ஓடும் பள்ளம் முழுக்கப் பழைய கிரீஸ், காய்ந்த பிசின்போல் பழுப்பாக இறுகிக் கிடந்தது. பின் எப்படி வேகமாக ஓடும்? சால்வென்ட்டும் பிரஷ்ஷும் கொண்டு உலோகம் தெரியும்வரை தேய்த்தேன். திரும்ப கிரீஸ் வைக்கவில்லை. மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் துடைத்ததோடு சரி.

சேம்பர் வாயிலும் ஒரு வடு. பின் விழும் இடத்தில் விளிம்பு நசுங்கி, சின்னப் பிசிறு உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் தோட்டா இல்லாமலே அடிக்கடி டிரிகரை அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். இதுபோல் விளிம்பில் அடித்துப் பற்றவைக்கும் ரிம்ஃபயரில், ஃபயரிங் பின்னுக்கும் சேம்பர் வாயின் எஃகு விளிம்புக்கும் நடுவே தோட்டாவின் விளிம்பு சிக்கி நசுங்கினால்தான் கலவை பற்றும். பட்டறைக்கல் மாதிரி தாங்க வேண்டிய எஃகே பள்ளமாகிவிட்டால், அடியின் பாதி வேகம் வீண். இதை அரத்தால் ராவக் கூடாது. ராவினால் தாங்கும் உலோகமே போய்விடும். சேம்பருக்கென்று கூம்பு வடிவில் ஒரு கருவி உண்டு. அதை உள்ளே செலுத்தித் திருகினால், பிதுங்கிய உலோகம் பழைய இடத்துக்கே திரும்பிப் போகிறது. விரல்நுனியால் தடவினேன், பிசிறு தட்டவில்லை.

மார்ச் 9

சுட்ட உறைகளில் பின் பதிந்த குழி ஆழமாகியிருக்கிறது. ஆனாலும் நடுவில் ஒன்றிரண்டு ஏமாற்றுகின்றன.

மார்ச் 15

ஃபயரிங் பின்னை முன்னால் தள்ளும் மெயின் ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, கம்பெனி அளவிலுள்ள புதிய ஸ்பிரிங்கின் பக்கத்தில் வைத்தேன். பழையது குட்டை. ஒரு நுனி தட்டையாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது, மறுநுனி கட்டிங் பிளேயரால் கடித்த கூர்முனை. டிரிகர் இலகுவாக வேண்டுமென்று யாரோ ஒரு சுற்றை வெட்டியிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது இந்தக் குறுக்குவழியைப் பார்த்துத்தான். இந்த மாடலில் இழுத்துவைத்த ஃபயரிங் பின்னைச் சியர் (டிரிகரை அழுத்தும்வரை பின்னைப் பிடித்துவைக்கும் பாகம்) நேராகத் தாங்குகிறது. ஸ்பிரிங்கின் முழு விசையும் அதன் மேல் உட்காருகிறது. ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் டிரிகர் இலகுவாகும், உண்மைதான். கூடவே பின் அடிக்கும் அடியும் தளரும். எனவே முதலில் அடி சரியாக வேண்டும், டிரிகர் அதற்குப் பிறகு.

புதிய ஸ்பிரிங் போட்டதும் எல்லாத் தோட்டாவும் வெடித்தது. டிரிகர் மட்டும் கனத்துவிட்டது: அளவுமானியில் 2.3 கிலோ. போதாததற்கு, கல்லில் இழுபடுவதுபோல் கரகரவென்று நகர்கிறது.

மார்ச் 16

சியர் முகத்தில் மார்க்கர் மையைத் தடவிப் பூட்டி, சேம்பரில் டம்மி தோட்டா வைத்துச் சில முறை இயக்கினேன். பிரித்துப் பார்த்தால், மை அழிந்திருப்பது இடது ஓரத்தில் மெல்லிய கோடாக மட்டும். முகம் முகத்தோடு பொருந்தவில்லை, மெஷின் தடங்கள் முட்டிக்கொள்கின்றன.

நுண்ணிய செராமிக் கல்லில் அந்த மேடுகளை மட்டும் தேய்த்தேன். கோணத்தை மாற்றவே கூடாது. இதுபோன்ற பாகங்களில் கடினமாக்கிய அடுக்கு மெல்லியது. அதைத் தாண்டித் தேய்த்தால் கீழே இருக்கும் மென்மையான எஃகு தேய்ந்துகொண்டே போகும். ஒருநாள் துப்பாக்கி தானாகச் சுடும். கோணமே கெட்டுப்போயிருந்தால் புதிய பாகம் வாங்குங்கள், அல்லது கைதேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

இப்போது மை அகலமாக, ஒரே சீராக அழிகிறது. சியர் விடுபட்ட பின்பும் டிரிகர் ஓடும் வீண் தூரத்தைத் திருகாணியால் குறைத்தேன். எடை 1.6 கிலோ. இதற்கு மேல் இறக்க எனக்கு விருப்பமில்லை. சர்வதேசப் போட்டிகளிலேயே 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராமுக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. விரலுக்கு முக்கியம் சீரான விடுபடல்.

அடுத்தது பாதுகாப்புச் சோதனை. சேம்பர் காலி, பின் இழுத்த நிலை. சேஃப்டி போட்டும் போடாமலும் கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் ஓங்கித் தட்டினேன். போல்ட்டை வேகமாக அறைந்தும் மூடினேன். சியர் நழுவவில்லை. இதில் தேறாத துப்பாக்கிக்குத் தோட்டா போடவே கூடாது.

மார்ச் 23

50 மீட்டரில் சுட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட ஏமாற்றவில்லை. அதைவிடச் சந்தோஷம், மேலும் கீழுமாகச் சிதறிக்கொண்டிருந்த துளைகள் நெருங்கி வந்திருப்பது. அடி ஒரே மாதிரி விழுந்தால் பற்றுவதும் ஒரே மாதிரி, குண்டின் வேகமும் ஒரே மாதிரி. வெறும் உறை ஒன்று மட்டும் வெளியே வராமல் சிக்கியது. உறையைச் சேம்பரிலிருந்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் முனை மழுங்கியிருக்கிறதா என்று அடுத்த வாரம் பார்க்க வேண்டும்.