ரன்னிங்-இன் ஆயில் ரிப்போர்ட்: மூன்று மாதிரியும் ஒரு கழித்தல் கணக்கும்

புது இன்ஜினின் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் தொடக்க ஓட்டம்தான் ரன்னிங்-இன். புதுப் பெர்ஃபார்மன்ஸ் காரின் முதல் ஆயிலை, அதில் எந்த உலோகம் எவ்வளவு என்று அளக்கும் லேபுக்கு அனுப்பினால், திரும்பி வரும் தாளில் இரும்பு, செம்பு, சிலிக்கான் மூன்றுக்கும் சிவப்புக் குறி விழுந்திருக்கும். லேப் அந்த எண்களை ஒப்பிடுவது ஏற்கனவே பழகி ஓடும் இன்ஜின்களோடு. அதனால் இரண்டாவது, மூன்றாவது ரிப்போர்ட் வரும்வரை முதலாவதை வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம். கீழே உள்ள எண்கள், ஆயில் கூலரோடு மொத்தம் 8.5 லிட்டர் பிடிக்கும் ஒரு டர்போ பெட்ரோல் இன்ஜினை வைத்துக் கணக்கு விளங்கப் போட்டவை.

மாதிரி 0: சீல் உடைத்த டப்பாவிலிருந்து நேராக

பலர் காசை மிச்சம் பிடிப்பது இங்கேதான். பிடிக்கக் கூடாத இடம். புது ஆயிலிலேயே மாலிப்டினம், போரான், கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் எவ்வளவு என்று தெரியாவிட்டால், பிறகு வரும் மாலிப்டினம் ஆயிலுடையதா, அசெம்பிளி பேஸ்டுடையதா (இன்ஜினைப் பொருத்தும்போது பூசும் மசகு) என்று பிரிக்க வழியில்லை. 100 டிகிரியில் ஆயிலின் பாகுநிலையும் (தடிமனும்) இதில் கிடைத்துவிடும்.

மாதிரி 1: 2,000 கி.மீ., ஃபேக்டரி ஆயில்

பிஎம்டபிள்யூ எம் கார்களுக்கு ரன்னிங்-இன் சர்வீஸ் வைத்திருப்பதும் இதே 2,000-இல்தான். அரை மணி நேரம் ஓட்டி ஆயில் நன்றாகச் சூடேறியதும் இன்ஜினை அணைத்து, சில நிமிடத்திலேயே எடுக்க வேண்டும். டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் பாயும் முதல் அரை லிட்டரை விட்டுவிட்டு, நடு ஓட்டத்தில் பாட்டிலைப் பிடிக்க வேண்டும். முதலில் வருவது சம்ப் (ஆயில் தேங்கும் தொட்டி) அடியில் தங்கிய கசடு; அதையே பிடித்து அனுப்பிவிட்டு எண் எகிறிவிட்டது என்று புலம்புவதில் பயனில்லை. அழுக்குக் கையால் பாட்டில் மூடியின் உட்புறத்தைத் தொட்டாலே சிலிக்கான் ஏறலாம்.

இரும்பு 60 பிபிஎம் (பத்து லட்சத்தில் 60 பங்கு), செம்பு 90, சிலிக்கான் 70, அலுமினியம் 14 என்று வைத்துக்கொள்வோம். சிலிக்கானில் பெரும்பகுதி கேஸ்கட் சீலன்ட்டிலிருந்து கரைந்து வருவது, எதையும் தேய்க்காது. செம்பு 90 என்றதும் பேரிங் போச்சு என்று பதறுவார்கள். பேரிங்கின் மற்ற உலோகங்கள் (வெள்ளீயம், பிஸ்மத்; பழைய கார்களில் ஈயம்) கூடவே ஏறாவிட்டால் சந்தேகப்பட வேண்டியது ஆயில் கூலரை. ஆயிலில் உள்ள துத்தநாகச் சேர்மம் கூலரின் செம்புப் பரப்போடு வினைபுரிந்து கொஞ்சம் செம்பை இழுத்து வரும். பரப்பில் படலம் படிந்ததும் தானாக அடங்கும். அலுமினியத்தோடு பொட்டாசியமும் தெரிந்தால், கூலர் பற்றவைப்பில் மிஞ்சிய ஃப்ளக்ஸாக (பற்றவைக்க உதவும் உப்பு) இருக்கலாம். ஃப்ளக்ஸ் என்றால் ஒவ்வொரு மாதிரியிலும் குறையும், கூலன்ட் கசிவு என்றால் குறையாது.

மாதிரி 2: 5,000 கி.மீ., அதாவது இந்த ஆயிலில் 3,000

இரும்பு 24. இதை 3-ஆல் வகுத்து ஆயிரத்துக்கு 8 என்று எழுதினால் தப்பு. ஆயில் மாற்றும்போது எல்லாம் வடிவதில்லை. கூலரிலும் பைப்பிலும் தங்குவது 1 லிட்டர் என்று வைத்தால், 60 பிபிஎம் உள்ள அந்தப் பழைய லிட்டர் புது ஆயிலில் கலந்து 60 ÷ 8.5, ஏறக்குறைய 7 பிபிஎம்மாக முதல் நாளே உட்கார்ந்துவிடுகிறது. 24-இல் 7 போக 17. ஆயிரம் கிலோமீட்டருக்கு 5.7. முதல் ஆயிலில் அது 30 ஆக இருந்தது.

மாதிரி 3: 10,000 கி.மீ., இந்த ஆயிலில் 5,000

இரும்பு 18. மேலோட்டமாகப் பார்த்தால் 24-லிருந்து பெரிதாக இறங்கவில்லை. பழைய மிச்சம் 3-ஐக் கழித்தால் 15, ஆயிரத்துக்கு 3. தேய்மான வளைவு படுத்துவிட்டது, ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன என்று இங்கேதான் சொல்லலாம். இடையில் டாப்-அப் செய்திருந்தால் அளவை மாதிரிச் சீட்டில் எழுத வேண்டும். 1 லிட்டர் புது ஆயில் ஊற்றினாலே எல்லா எண்ணும் பத்து சதவீதத்துக்கு மேல் நீர்த்துப் போய் அழகாகத் தெரியும்.

சிலிக்கான் இந்த மூன்றாவது மாதிரியிலும் இறங்காமல், இரும்பும் குரோமியமும் அதோடு சேர்ந்து ஏறினால் அது சீலன்ட் இல்லை, தூசி. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளாம்ப், டர்போவுக்குப் போகும் ஹோஸ், இந்த இரண்டையும் முதலில் பார்க்கவும்.

இன்ஜின் எதனால் ஆனது என்று தெரியாமல் எந்த எண்ணையும் வாசிக்கக் கூடாது. அலுசில் பிளாக்கில் சிலிண்டர் சுவரே சிலிக்கான் கலந்த அலுமினியம்; அங்கே இவ்விரண்டும் சேர்ந்து ஏறினால் தூசி என்று தள்ளிவிட முடியாது. சிலிண்டர் சுவரில் நிக்காசில் (நிக்கல் கலந்த) பூச்சு என்றால் நிக்கலைப் பார்க்க வேண்டும். ஈயம் பூஜ்யம் என்று நிம்மதி அடைவதும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றிய விதியால் 2011-க்குப் பிறகு பேரிங்கிலிருந்து ஈயம் விலகிவிட்டது. புதுப் பேரிங் தேய்ந்தால் தெரிவது அலுமினியமும் வெள்ளீயமும், அல்லது பல லேப்களின் வழக்கமான பட்டியலிலேயே இல்லாத பிஸ்மத்.

பாகுநிலையில் ஒரு சிக்கல். 40 கிரேடு ஆயில் 100 டிகிரியில் 12.5 சென்டிஸ்டோக்குக்கு (பாகுநிலையின் அலகு) கீழே போனால் 30 கிரேடாகிவிட்டது என்று பொருள். காரணம் பெட்ரோல் கலந்ததா, ஆயிலைத் தடிமனாக வைக்கும் பாலிமர் அறுந்ததா என்பதை ஃப்ளாஷ் பாயின்ட் (ஆயில் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை) சொல்லிவிடும்: பெட்ரோல் கலந்தால் அதுவும் சரியும், பாலிமர் அறுந்தால் அநேகமாக அப்படியே நிற்கும். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி ஊசி இன்ஜினைக் குட்டிக் குட்டித் தூரம் ஓட்டி ரன்னிங்-இன் செய்தால் பெட்ரோல் கலப்பது சகஜம். மாதிரி எடுக்கும் முன் ஒரு முறை நீண்ட தூரமும் அடுத்த முறை பக்கத்துத் தெருவரையும் ஓட்டினால் இரண்டு ரிப்போர்ட்டையும் ஒப்பிடவே முடியாது.

கடைசியாக ஃபில்டர். லேபில் உலோகங்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் சுமார் 5 முதல் 8 மைக்ரான் வரையிலான துகளைத்தான் ஒழுங்காக எண்ணும். பேரிங் செதிலாக உதிர்ந்தால் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். எனவே ஒவ்வொரு மாற்றத்திலும் ஃபில்டர் மடிப்பை வெட்டி விரித்து, ஆயிலைப் பிழிந்து, வெயிலில் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் சாம்பல் நிறக் களிம்பு ரன்னிங்-இன்னில் வழக்கம். விரலிடுக்கில் நெருடும் துண்டும், காந்தத்துக்கு அசையாத மின்னும் செதிலும் வழக்கமில்லை. அவற்றைக் கண்டால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் வண்டியை நிறுத்தலாம். தகர உறை ஃபில்டர் என்றால் அதற்கான கட்டரால் திறக்கவும். ரம்பத்தால் அறுத்தால் உள்ளே விழும் இரும்புத்தூளைப் பார்த்தே அரை நாள் பயப்பட வேண்டியிருக்கும்.