550 குதிரைத்திறன் காருக்கு டார்க் கன்வெர்ட்டர் தேர்ந்தெடுத்த அனுபவம்

ஹூஸ்டனில் அலுவலகம் போய்வரவும், எப்போதாவது கால் மைல் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கவும் நான் வைத்திருக்கும் 2002 கமாரோவின் 5.7 லிட்டர் எல்எஸ்1 எஞ்சினுக்கு காற்றை அழுத்தி உள்ளே ஏற்றும் மையவிலக்கு வகை சூப்பர்சார்ஜர் பொருத்தியபின், சக்கரத்தில் ஏறத்தாழ 550 குதிரைத்திறன் கிடைத்தது. அந்தத் திறனுக்கு 4எல்60ஈ தானியங்கி கியர்பாக்ஸை நம்ப முடியாது என்பதால் அதைவிட வலுவான 4எல்80ஈ வைப்பது என்று முடிவானது. எஞ்சினின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர்களில் அதனுடன் எதைப் பொருத்துவது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

கன்வெர்ட்டருக்குள் கியர்பாக்ஸைச் சுழற்றும் டர்பைன் அசையாமல் நிற்கும்போது முழு ஆக்சிலரேட்டரில் எஞ்சின் எட்டும் ஆர்பிஎம்மைத்தான் (நிமிடச் சுற்றுகளை) ஸ்டால் வேகம் என்கிறோம். விற்பனைப் பட்டியல்களில் இந்த எண்ணை அந்தப் பாகத்துக்கே உரிய மாறாத குணம் போல அச்சிடுகிறார்கள். உண்மையில் அது எஞ்சினின் முறுக்குவிசையைப் பொறுத்து, ஏறத்தாழ அதன் வர்க்கமூலத்தின் விகிதத்தில் மாறுகிறது. 350 பவுண்டு-அடி விசைக்கு 2,800 ஆர்பிஎம்மில் நிற்கும் அதே கன்வெர்ட்டர், 550 பவுண்டு-அடிக்கு 3,500 வரை போய்விடும். எனவே அடுத்தவர் காரில் நன்றாக வேலை செய்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில் பொருளில்லை.

கன்வெர்ட்டர் கட்டித் தருபவர் காரின் எடை, பின் அச்சு விகிதம், டயர் அளவு ஆகியவற்றைக் கேட்டுவிட்டு டைனோ தாளை, அதாவது ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் கிடைக்கும் திறனையும் விசையையும் அளந்து வரைந்த தாளை, வாங்கினார். நான் பெருமையோடு காட்டிய உச்சத் திறனை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 2,500 முதல் 3,500 ஆர்பிஎம் வரையிலான பகுதியில் விசைக் கோடு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் விரலால் தொடர்ந்தார். மையவிலக்கு சூப்பர்சார்ஜரின் அழுத்தம் ஆர்பிஎம்மோடு சேர்ந்துதான் ஏறும் என்பதால், குறைந்த ஆர்பிஎம்மில் எஞ்சின் பெரும்பாலும் பழைய எஞ்சினாகவே நடந்துகொள்கிறது. ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜராக இருந்திருந்தால் கீழேயே விசை கிடைத்திருக்கும், தாழ்ந்த ஸ்டாலே போதும் என்றார்.

தடத்து நண்பர்கள் ஸ்டால் 3,800க்குக் குறையாதே என்றார்கள். என் காரில் பின் அச்சு 3.42, ஓவர்டிரைவ் 0.75, டயர் 275/40 17 அங்குலம். மணிக்கு 70 மைலில் எஞ்சின் சுற்றுவது சுமார் 2,350 ஆர்பிஎம், அந்த ஸ்டாலுக்கு வெகு கீழே. 3,800 ஸ்டால் என்றால் அதுவரை கார் நகராது என்பதெல்லாம் கட்டுக்கதைதான், மெதுவாக அழுத்தினால் எந்த கன்வெர்ட்டரும் காரை இழுக்கும். ஆனால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பிணைக்கும் லாக்கப் கிளட்ச் பிடிக்காத நேரமெல்லாம் அவ்வளவு உயர்ந்த ஸ்டால் உள்ள கன்வெர்ட்டர் வழுக்கிக்கொண்டே இருக்கும், அந்த வழுக்கல் முழுவதும் எண்ணெயில் சூடாகச் சேரும். ஆகஸ்ட் மாத நெரிசலில் 610 வளையச் சாலையில் ஊர்ந்து செல்லும் காருக்கு அது ஒத்துவராது. ஆகவே என் எஞ்சினுக்கு 3,000 அளவில் நிற்கும்படி, உள்ளே உள்ள துடுப்புகளை உலையில் பற்றவைத்து உறுதிப்படுத்திய கன்வெர்ட்டர் ஒன்றைச் செய்யச் சொன்னேன்.

முழு ஆக்சிலரேட்டரிலும் லாக்கப் பிடித்தே இருக்க வேண்டும் என்றால் பல தட்டுக் கிளட்ச் தேவை. நான் சீராக ஓட்டும்போது மட்டுமே லாக்கப் பிடிக்கவும், காலை அழுத்தியதும் விடவும் நிரல் எழுதச் சொல்லியிருந்ததால், ஒற்றைத் தட்டோடு நிறுத்தி, மிச்சப் பணத்தில் மின்விசிறியுள்ள எண்ணெய்க் குளிரூட்டி வாங்கினேன்.

பொருத்தும்போது கன்வெர்ட்டருக்குள் முதலில் ஒரு லிட்டர் அளவுக்கு எண்ணெய் ஊற்றினோம். பிறகு சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ள, கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டு, ஸ்டேட்டரைத் தாங்கும் தண்டு, எண்ணெய் பம்ப் என ஒவ்வொன்றிலும் பல் சேரும்போது 'டொக்' என்று இறங்கியது. பம்பில் முழுதாக உட்காராமல் போல்ட்டை முறுக்கினால் எஞ்சினை இயக்கியதும் பம்ப் உடைந்துவிடும். கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்த்த பின் எஞ்சின் தண்டின் முனையில் உள்ள ஃப்ளெக்ஸ்பிளேட் என்ற தட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் இடையே நாலு மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருப்பதைப் பார்த்த பிறகே போல்ட்டுகளை மாட்டினோம்.

நெடுஞ்சாலையில் லாக்கப் பிடித்தபின் எண்ணெய்த் தொட்டியின் வெப்பம் 180 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவதில்லை. நெரிசலில் 200ஐ நெருங்கும்போது விசிறி ஓடத் தொடங்குகிறது.