பலகைக்கு ஒரு பாய், பாய்க்கு ஒரு ஜன்னல்

டெம்போவிலிருந்து அதை இறக்கும்போது எங்கள் பில்டிங் வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிவிட்டு, தணிந்த குரலில் "கௌன் கயா சாப்?" (போனது யார் சார்?) என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 12 அடி நீளம், ஒரு ஆள் படுக்கிற அகலம், மேலே வெள்ளைத் துணி சுற்றியிருக்கிறது, முன்னால் நான் ஒரு பக்கம், பின்னால் டெம்போக்காரர் ஒரு பக்கம் தோள் கொடுத்து வருகிறோம், அதற்கும் பின்னால் என் அக்கா மகள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஒரு கயிற்றுச் சுருளைச் சுமந்து வருகிறாள். மும்பை செம்பூரில் யார் பார்த்தாலும் அப்படித்தான் கேட்பார்கள்.

விஷயம் இதுதான். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஈபாத் அலி விண்ட்சர்ஃபிங்கில் வெண்கலம் வாங்கியதைப் பற்றிய வீடியோவை எவனோ ஒருவன் (நான்தான்) இந்தப் பெண்ணுக்குக் காட்டிவிட்டான். வயது 11, எடை 32 கிலோ, பிடிவாதத்தைத் தராசில் நிறுத்த முடியாது. அன்றிலிருந்து "மாமா, எப்போ?" ஒன்றுதான் கேள்வி. அந்த நேரம் பார்த்து, கொலாபாவில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு பார்சிப் பெரியவர் தன் பழைய பலகையைக் கொடுக்கத் தயாராக இருப்பதாக ஒரு நண்பர் சொன்னார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில்தான் விண்ட்சர்ஃபிங் முதன்முதலாக வந்தது, அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினாராம், முதுகு போனதும் பால்கனியில் போட்டாராம். "காசு வேண்டாம், ஆனால் இன்றைக்கே எடுத்துக்கொண்டு போக வேண்டும்" என்றார். இலவசம் என்று கேட்டவுடன் எனக்கு மற்ற எதுவும் காதில் விழாது. டெம்போ வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய மிதவைப் பலகை. அதன் நடுவில் பாய்மரம், ஆனால் மரம் நட்டமாக நிற்காது, அடியில் யுனிவர்சல் ஜாயின்ட் என்று ஒரு ரப்பர் மூட்டு இருப்பதால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும். பாயைச் சுற்றி பூம் என்று ஒரு குழாய், அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். பாயை முன்னால் சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகிப் போகும், பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். அவ்வளவுதான், சுக்கான் கிடையாது.

"சுக்கான் இல்லாம என்னலே மரம்?" என்றார் அப்பா. அம்மாவும் அவரும் மணப்பாட்டிலிருந்து குளிர்கால விசிட்டாக வந்திருந்தார்கள். சின்ன வயதில் கட்டுமரத்தில் போனவர் என்பதால் இந்த விஷயத்தில் வீட்டில் அவர்தான் சுப்ரீம் கோர்ட். பலகையைக் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "தண்ணி குடிச்சிருக்கு" என்று தீர்ப்பு சொன்னார். எடை மெஷினில் நான் மட்டும் ஏறினால் 74, பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினால் 101. அதாவது 27 கிலோ. பழைய பலகைகளின் உள்ளே இருப்பது நுரை, தோலில் விரிசல் விட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊறிவிடும். காற்றுத் திருகைக் கழற்றிவிட்டுப் பலகையை மொட்டை மாடிச் சுவரில் நிமிர்த்தி வைத்தோம். இரண்டு வாரம் சொட்டிற்று. எடை 2 கிலோ இறங்கியது. அதே இரண்டு வாரத்தில் நான் 1 கிலோ ஏறியிருந்தேன் என்பதால் கணக்கு சரிவர நிற்கவில்லை. விரிசலை எபாக்சி வைத்து அடைத்துவிட்டு, கனமான பலகை கற்றுக்கொள்பவர்களுக்கு ஆடாமல் நிற்கும், அதனால் நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதில் பாதி உண்மையும்கூட.

இங்கே ஒரு ஒப்புதல் வாக்குமூலம். முதலில் நான் அந்தப் பலகையைத் தயார் செய்ததெல்லாம் எனக்காகத்தான். பெரியவர் கொடுத்த பாய் 6 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல், மரம் 4.6 மீட்டர். பூமை என் தோள் உயரத்துக்குக் கட்டி, மாடியில் இரண்டு பழைய மெத்தை போட்டு அதன்மேல் பலகையை வைத்து, "ஏறு பாப்பா, அந்த முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்து இழு, பாய் எழும்பும்" என்றேன். இழுத்தாள். பாய் எழும்பவில்லை, இவள்தான் எழும்பி பாயின் மேலேயே போய் விழுந்தாள். இத்தனைக்கும் அது காய்ந்த பாய். தண்ணீரில் கிடந்தால் மேலே நிற்கிற தண்ணீரையும் சேர்த்துத் தூக்க வேண்டும். "இப்படி" என்று நான் தூக்கிக் காட்டினேன். மும்பையில் மதியம் ஆனால் மேற்கிலிருந்து கடல் காற்று வரும் என்பது எனக்குத் தெரியும், மாடிக்கும் வரும் என்பது தோன்றவில்லை. நானும் பாயும் ஐந்தாறு அடி தள்ளிப்போய்ப் பக்கத்து வீட்டுத் துளசிச் செடியில் இறங்கினோம். தொட்டி 350 ரூபாய், மாமியின் மௌனம் தனி.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே, "பிள்ளைக்கு ஏத்த பாய் வெட்டு" என்றார்.

அந்த எடைக்கு இரண்டு, இரண்டரை சதுர மீட்டர் போதும். புதிதாக, குழந்தைகளுக்கென்று செய்த செட் கிடைக்கும், விலையைப் பார்த்ததும் அக்கா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சரி என்று பெரிய பாயைச் சுருட்டிக்கொண்டு தாராவிக்குப் போனேன். அங்கே பை தைக்கிற அண்ணாச்சி ஒருவர், திருநெல்வேலிக்காரர், ரெக்சின், லெதர், எது கொடுத்தாலும் தைப்பார். பாயின் மேல் பாதியை அப்படியே வைத்துக்கொண்டு கீழ்ப் பகுதியை வெட்டுவதுதான் திட்டம், ஏனென்றால் மரத்தைச் சொருகுகிற உறை மேல்வரை ஏற்கனவே தைத்திருக்கிறது, அதைப் புதிதாகத் தைப்பதுதான் கஷ்டம். 4.4 மீட்டர் உறையில் மேலே 2.8 மீட்டர் மட்டும் நின்றால் பரப்பளவு இரண்டரைக்கு வரும் என்று கணக்குப் போட்டு பென்சிலால் கோடு இழுத்தேன். அண்ணாச்சி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "தம்பி, ஜன்னல் போயிடுமே" என்றார். உண்மைதான். பாய்க்கு மறுபக்கம் யார் வருகிறார்கள் என்று பார்க்க நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் இருக்கும், அது வெட்டுகிற பாதியில் இருந்தது. அதுவும் மஞ்சள் பூத்து, தொட்டால் உதிர்கிற நிலை. "கெட்டியா, தெளிவா ஒரு ஷீட் கொண்டு வாங்க, வச்சிடலாம்."

கெட்டியாக, தெளிவாக ஒரு ஷீட் எங்கள் வீட்டு டைனிங் டேபிள் மேல் இருந்தது. தீபாவளிக்கு என் மனைவி வாங்கிப் போட்டது. ஓரத்தில் கொஞ்சம் வெட்டினால் தெரியாது என்று நினைத்தேன். இதைப் பற்றி மேலே எழுத எனக்கு அனுமதி இல்லை.

அண்ணாச்சி கில்லாடி. மூலைகளில்தான் மொத்த இழுவையும் வரும் என்று நான் சொல்வதற்கு முன்பே, அங்கே நாலு மடிப்பு ரெக்சின் வைத்து, பெரிய பித்தளை வளையம் அடித்துக் கொடுத்தார். பூம் கட்டுகிற இடத்தில் உறையை அளவாகத் திறந்து ஓரம் அடித்திருந்தார். ஒரே ஒரு விஷயம், கேட்காமலே பாயின் அடியில் ஜிப் வைத்து ஒரு பாக்கெட்டும் தைத்திருந்தார். "பாப்பா சாவி, சில்லறை எதுனா வச்சுக்கும்ல?" பை தைக்கிற கை, பாக்கெட் இல்லாமல் எதையும் அனுப்ப மனசு வராது போல.

மரத்துக்கு என்ன செய்வது? 4.6 மீட்டர் ஃபைபர் கம்பத்தை அந்தக் குட்டிப் பாயில் சொருகினால் நெட்டைக்கொக்கு மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், கனமும் அதிகம். அப்பா நடந்துபோய், பந்தல் போடுகிறவரிடம் 3 மீட்டரில் மூங்கில் ஒன்று பார்த்து வாங்கி வந்தார். வளைத்துப் பார்த்து, கணுக்களை இழைத்து, அடியில் மரக்கட்டை இறுக்கி, வெடிக்காமல் இருக்க நைலான் கயிற்றால் வரிந்து கட்டினார். அந்தக் கட்டைப் போடும்போது அவர் கை போன வேகத்தைப் பார்த்து அம்மாகூட அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பூம் குழாயை ஆக்ஸா பிளேடால் அறுத்துக் குறைத்தது நான். பழைய ரப்பர் பிடி கையில் கருப்பாக ஒட்டிக்கொண்டு வந்ததால், அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கிரிக்கெட் பேட்டுக்குப் போடுகிற க்ரிப் நாலு மாட்டினோம்.

யுனிவர்சல் ஜாயின்ட் மட்டும் விளையாட்டில்லை. வளைத்துப் பார்த்தால் ரப்பரில் மெல்லிய கீறல்கள். அது கடலில் அறுந்தால் பாய் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம், பிள்ளை நடுவில். நாக்தேவி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, "எந்த மெஷினுக்கு?" காற்றில் ஓடுகிற மெஷின் என்று சொல்லிப் பார்த்தேன், ஒருவர் டேபிள் ஃபேன் புஷ் எடுத்துக் காட்டினார். கடைசியில் கெட்டியான ரப்பர் உருளை ஒன்று வாங்கி, இரண்டு முனையிலும் துருப்பிடிக்காத போல்ட் போட்டு, ரப்பர் போனாலும் பாய் போகாமல் இருக்கக் குறுக்கே ஒரு நைலான் பட்டையும் கட்டினேன்.

பலகையின் மேல்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. பெயின்டில் மணல் கலந்து பூசலாம், ஆனால் முட்டி சிராய்க்கும். மனைவியின் யோகா பாய் சும்மாதான் கிடந்தது (மேலே சொன்ன அதே காரணத்தால் இதையும் விரிவாக எழுதவில்லை). நடுவில் டேகர்போர்டு இறங்குகிற பிளவு ஒன்று உண்டு. டேகர்போர்டு என்பது தண்ணீருக்குள் நிற்கிற துடுப்பு மாதிரிப் பலகை, அது இருந்தால்தான் காற்று பக்கவாட்டில் தள்ளாது, பலகையும் உருளாது. அந்தப் பிளவை மூடுகிற உதடுகள் கிழிந்திருந்தன. தெருவில் விழுந்து கிடந்த வாழ்த்து ஃப்ளெக்ஸிலிருந்து இரண்டு பட்டை வெட்டி ஒட்டினேன். ஒட்டிய பிறகுதான் கவனித்தேன், ஒரு பட்டையில் யாரோ ஒரு தலைவரின் கும்பிட்ட கை, இன்னொன்றில் அவருடைய மீசை.

டிசம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, பாவுச்சா தக்காவில் ரோரோ கப்பலில் டெம்போவோடு ஏறி மாண்ட்வாவில் இறங்கி, நாகாவ் கடற்கரைக்குப் போனோம். கடலைக் காணோம். வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மும்பைப் பக்கம் கடல் நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், எங்கள் ஊரில் முழுசாக ஒரு மீட்டர்கூட வராது. அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கடலை எங்கலே கொண்டு வச்சிருக்கானுவ?" என்றார். காலையில் கரையிலிருந்து கடலை நோக்கி நல்ல காற்று. நான் பாயை எடுத்தேன். அப்பா கையைத் தட்டிவிட்டார். கரைக்காற்றில் போன பிள்ளை திரும்பி வராது, காற்று திரும்பட்டும் என்றார். அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிவரை உட்கார்ந்திருந்தோம். தண்ணீரும் ஏறிற்று, வடமேற்கிலிருந்து கடல் காற்றும் வந்தது.

லைஃப் ஜாக்கெட் மாட்டி, பலகையில் நீளக் கயிறு கட்டி மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். இடுப்பளவு தண்ணீர். முதுகு காற்றுப் பக்கம், கை நேராக, முட்டியை மடக்கி இழு. ஒன்பது முறை விழுந்தாள். ஒவ்வொரு முறை பலகை கவிழும்போதும் அடியிலிருந்து தலைவர் கும்பிட்டுக்கொண்டு மேலே வந்தார். பத்தாவது முறை பாய் எழும்பிற்று, கையில் பூம் வந்தது, பலகை நகர்ந்தது. எனக்குக் கத்தத் தோன்றியது, ஆனால் என் கையிலிருந்த கயிறு ஓடிக்கொண்டே இருந்ததால் நானும் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது. இருபது மீட்டர் இருக்கும். திரும்பத் தெரியவில்லை என்பதால் அவளாகவே பாயைக் கைவிட்டுக் குதித்து, பலகையை ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு நடந்து வந்தாள். பாக்கெட் ஜிப்பைத் திறந்தால் ஒரு சிப்பி. எப்போது எடுத்தாள் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

நானும் ஒரு தடவை ஏறினேன். அந்தக் குட்டிப் பாய் என்னை ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை. கைக்குட்டை பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி இருந்ததாக அக்கா சொன்னாள். வீடியோ இருக்கிறது, போட மாட்டேன்.

வெட்டிய கீழ்ப்பாதித் துணி வீட்டில்தான் இருந்தது. கெட்டித் துணி, தண்ணீர் ஊறாது. அம்மா அதை மாடியில் விரித்துக் கூழ் வடாம் பிழிந்துவிட்டாள். டேபிள் கவருக்குப் பதிலாக அந்தத் துணியைத் தனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேனே என்று மனைவி கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அக்கா மகள் மேலே வந்தாள்.

"மாமா, இந்தப் பாய் ரொம்பச் சின்னதா இருக்கு. அந்தப் பாதியைத் திரும்பத் தச்சுடலாமா?"

"வடாம் காயட்டும்" என்றாள் அம்மா.