குன்னூர்க் குளிரில் தயிர் தோய்த்தது

விருதுநகரில் எங்கள் வீட்டில் தயிர் தோயாமல் போன நாள் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய கையோடு அம்மா பாலில் உறை ஊற்றுவாள். ஈயம் பூசிய ஒரு சின்னக் கரண்டியின் நுனியைப் பழைய தயிரில் தொட்டு, அதைப் பாலில் ஒரு சுற்றுச் சுற்றுவாள். அவ்வளவுதான். காலையில் சட்டியைச் சாய்த்தாலும் தயிர் அசையாது.

போன வருடம் டிசம்பரில் மாற்றலாகிக் குன்னூருக்கு வந்தேன். அம்மா போனில் சொன்னதை அப்படியே செய்தேன். அரை லிட்டர் பாலைப் பொங்கவிட்டு இறக்கி, விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும்வரை ஆறவைத்து, ஒரு சொட்டு உறை விட்டு மூடிவைத்தேன். காலையில் திறந்தால் பால் பாலாகவே இருந்தது. மறுநாளும் அப்படியே. "உறை சரியில்லையோ என்னவோ, வேற யார்கிட்டயாவது வாங்கிப் பாரு" என்றாள் அம்மா. வாங்கிப் பார்த்தேன். அதுவும் தோயவில்லை.

நாலாவது நாள் அடுப்பு மேடையில், சமைத்து முடித்த சூட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். மறுநாள் மத்தியானம் ஏதோ தோய்ந்திருந்தது. கரண்டியால் எடுத்தால் வெண்டைக்காயை நறுக்கும்போது வருமே, அதுபோல நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. புளிப்பும் இல்லை, தயிர் வாசனையும் இல்லை. என் ஆறு வயது மகளுக்குத் தயிர்சாதம் இல்லாமல் ராத்திரி தூக்கம் வராது. அவள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

மறுநாள் கீழ்வீட்டு அக்காவிடம் உறை கேட்கப் போனேன். அவர் கோவில்பட்டிக்காரர். குன்னூருக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. நான் செய்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "பால இவ்வளவு ஆறவிட்டா இந்தக் குளிருல எப்படிம்மா தோயும்? ஊத்துறப்பவே அது விடிய விடியச் சூடா இருக்கணும்னு நெனச்சு ஊத்தணும்" என்றார். சுண்டுவிரலைப் பாலில் விட்டுப் பத்து எண்ணுவாராம். பத்து வரை பொறுக்க முடிந்தால், ஆனால் அதற்குமேல் விரலை வைக்கத் தோன்றாவிட்டால், அதுதான் பக்குவம்.

விரல் கணக்கு எனக்குக் கைவரவில்லை. ஒருநாள் அவசரத்தில் ரொம்பச் சூட்டில் ஊற்றிவிட்டேன். உறையில் இருந்த நுண்ணுயிர்கள் செத்துப்போய், பால் மறுபடியும் பாலாகவே நின்றது. அப்புறம்தான் சமையலுக்கான வெப்பமானி ஒன்று வாங்கினேன். அதை வாங்கிய பிறகு எல்லாம் தெளிவாகிவிட்டது.

நான் "வெதுவெதுப்பு" என்று நினைத்தது 36 டிகிரி. எங்கள் சமையலறை ராத்திரியில் 13 டிகிரி. மூடிவைத்த எவர்சில்வர் பாத்திரம் இரண்டே மணி நேரத்தில் 25 டிகிரிக்கு இறங்கியிருந்தது. தயிரைத் தோய்க்கும் பாக்டீரியாக்களில் முக்கியமானவை 40 முதல் 45 டிகிரியில்தான் துடிப்பாக வேலை செய்யும். அவைதான் பாலில் இருக்கும் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கும். அமிலம் ஏற ஏற, கேசின் என்கிற பால் புரதம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாகும். சூடு குறைந்தால் இவை முடங்கிப்போகும். குறைந்த சூட்டிலேயே நிதானமாக வளரும் வேறு சில வகைகள் தலையெடுத்து, பிசின் மாதிரி இழைகளை உண்டாக்கிவிடும். நான் பார்த்த நூல் அதுதான்.

அப்போதுதான் அம்மாவின் அந்த ஒரு சொட்டு எனக்கு விளங்கியது. அது விருதுநகர் வெயிலையும் சேர்த்த கணக்கு. அங்கே விடிய விடியச் சமையலறையே 30 டிகிரியில் இருக்கும். அதில் துளி உறையே அதிகம். மண்சட்டியும் அங்கேதான் சரி. சட்டியின் துளைகள் வழியே தண்ணீர் கசிந்து காய்வதால் தயிர் கெட்டியாகும், கூடவே சூடும் கொஞ்சம் தணியும். குன்னூரில் அதே சட்டி எனக்கு எதிரியாகிவிட்டது.

இப்போது நான் செய்வது இதுதான். பால் பொங்கியதும் இறக்கிவிடாமல், சிம்மில் இருபது நிமிடம் கிண்டிக்கொண்டே காய்ச்சுகிறேன். 85 டிகிரிக்கு மேல் இப்படிக் கொஞ்ச நேரம் நின்றால், கேசின் அல்லாத மற்றப் புரதங்களும் குலைந்து கேசினோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் விடாத கெட்டித் தயிருக்கு இது பெரிய காரணம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், இங்கே தண்ணீரே 94 டிகிரியில் கொதித்துவிடும். ஆனாலும் இந்த வேலைக்கு அந்தச் சூடு போதும். பிறகு 45 டிகிரிக்கு ஆறவைத்து, அரை லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் உறை விட்டு, இரண்டு பாத்திரங்களில் மாற்றி மாற்றி நாலு தடவை ஆற்றுகிறேன். இதற்குள் ஹாட்பேக்கில் வெந்நீர் ஊற்றி வைத்திருப்பேன். அதைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தை உள்ளே இறக்கி மூடி, பழைய கம்பளிச் சால்வையைச் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்துவிடுவேன். காலையில் பார்த்தால் 34 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்காது.

தோய்கிற நேரத்தில் மட்டும் திறந்து பார்க்கவோ நகர்த்தவோ கூடாது. அரைகுறையாகக் கெட்டிப்பட்டது குலுங்கினால் விரிசல் விட்டுத் தண்ணீர் பிரிந்துவிடும். தோய்ந்ததும் நேராக ஃப்ரிட்ஜுக்கு. இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் கரண்டி வெட்டிய இடம் அப்படியே நிற்கும்.

நடுவில் ஒருமுறை உறை தீர்ந்துபோய் மிளகாய்க் காம்பையும் போட்டுப் பார்த்தேன். பச்சைமிளகாயின் பச்சைக் காம்பு எட்டு, 43 டிகிரிப் பால் கால் டம்ளர், பன்னிரண்டு மணி நேரம். லேசாகத் திரிந்த மாதிரி வந்தது. அதைச் சாப்பிடவில்லை, உறையாக மட்டும் எடுத்துக்கொண்டேன். அதிலிருந்து தோய்த்த மூன்றாவது தயிர்தான் தயிர் மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி கேட்டு வாங்குவதுதான் நல்லது.

மே மாதம் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். முதல் நாள் ராத்திரி நானே உறை ஊற்றுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கைப்பழக்கம், இரண்டு டீஸ்பூன் விட்டுவிட்டேன். காலையில் சட்டியைத் திறக்கும்போதே புளித்த வாடை முகத்தில் அடித்தது. தயிரின் மேல் விரல்கடைத் தண்ணீர். அம்மா எட்டிப் பார்த்து, "எவ்வளவுடி விட்ட?" என்றாள். சொன்னேன். "சரி, இன்னைக்கு மோர்க்குழம்பு வச்சிருவோம்" என்று தேங்காயை உடைக்க எடுத்தாள்.